இரும்புப் பாலம் வரைக்கும்

டிசம்பர் 11, ஞாயிறு
சீனி 9.4. நடை: ஐம்பது அடி போக, ஐம்பது அடி வர.

இன்று பனியில் நடக்கப்போன இடத்தில் நின்றவர்கள்: நான். மகள் பவளராணி. மருமகன் இரத்தினவேல். பேத்தி ஆரபி. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி டோரின். டோரினுடைய நாய். நாயையும் எழுதுகிறேன். ஏனென்றால் அது நான்கு காலுக்கும் சப்பாத்து மாட்டி, முதுகுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் போட்டிருந்தது. டோரின் அதன் வாயில் முத்தம் கொடுத்தாள். கொடுத்த அதே வாயால் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சீ.

இந்தக் கொப்பியைத் தந்தது டொக்டரிடம் வேலை செய்யும் நேர்ஸ். காலையில் இரத்தத்தில் இருக்கும் சீனியையும் நடந்த தூரத்தையும் ஒவ்வொரு நாளும் எழுதட்டாம். அடுத்த மாதம் காட்ட வேண்டுமாம். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆகையால் எண்ணை மேலே எழுதிவிட்டுக் கீழே எனக்கு வேண்டியதை எழுதுவேன். நான் ஐந்தாம் வகுப்பு. எழுத்தில் பிழை வரும். நினைவில் வராது.

கூட்டிப்போன இடம் முந்தி ரயில் ஓடிய பாதையாம். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுச் சனங்களை நடக்க விட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் சண்டைக்காலத்தில் தண்டவாளத்தைக் கழற்றியது பதுங்குகுழிக்கு. இங்கே கழற்றியது சும்மா நடக்க. சும்மா நடப்பது என்றால் என்னவென்று எழுபத்து நாலு வயதில் இன்றுதான் பார்க்கிறேன். எங்கும் போகாமல், எதுவும் வாங்காமல், ஒருவரும் துரத்தாமல், முழங்கால்வரை பனியில் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள். வந்து 'ஆகா' என்கிறார்கள். மூக்குத் தண்ணீர் உதட்டில் உறைந்து கிடக்கிறது, அதோடு 'ஆகா'.

என்னை அங்கே கொண்டுபோனதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் என்றால் நான் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவேன். பனிக்குள் எங்கே ஓடுவது? பவளராணி அப்போதுதான் தொடங்கினாள்.

“அம்மா, சின்னம்மாவை ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கினம். ஈரல் பழுதாம். கடுமையாம்.”

“ஆர் சின்னம்மா?”

“ஆரெண்டு உங்களுக்குத் தெரியாதோ? உங்கடை தங்கச்சி. புனிதம் சின்னம்மா.”

“எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது. உந்த நாயை அங்காலை பிடிக்கச் சொல்லு.”

நான் என்ன சொல்கிறேன் என்று டோரின் கேட்டாளாம். எனக்கு மரங்கள் பிடித்திருப்பதாக ஆரபி சொன்னாளாம். டோரின் என் தோளைத் தடவினாள், நாய் தடவிய கையால்.

தெரியாது என்றேன். எழுதும்போது பொய் எழுத மாட்டேன். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே ஓடியபோது நாங்கள் கிளிநொச்சியில் புனிதத்தின் வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். அவள் எங்களுக்குத் தந்தது மாட்டுக் கொட்டில். வீட்டுக்குள் அறையில் படுத்தவர்கள்: அவளுடைய மாமியார், அவள் புருஷனின் அண்ணன், அண்ணன் பெண்சாதி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். அந்த மூன்றில் மூத்தவன்தான் இப்போது என் மருமகன். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது, நல்ல நித்திரை. கொட்டிலில் என் புருஷன் காய்ச்சலில் கிடந்தார். பதினேழாம் நாள் சாக்கின் மேலேயே செத்துப்போனார்.

புனிதத்திடம் கேட்டேன், ஏனடி அறை தரவில்லை என்று. அவள் சொன்ன சொல் இது, ஒரு எழுத்தும் மாற்றவில்லை: “அவை என்ரை புருஷன்ரை ஆக்கள், அக்கா. நீ என்ரை ஆள். என்ரை ஆளிட்டைத்தானே பொறு எண்டு நான் கேக்கலாம்.”

நான் சொன்னேன்: “உன்ரை வீட்டு முற்றத்தை இனி மிதிக்கமாட்டன். நீ செத்தாலும் வரமாட்டன்.”

இருபத்தேழு வருடம். அவள் இதே நாட்டில் ஸ்காபரோவில், நான் இங்கே. காரில் இரண்டு மணித்தியாலம். மிதிக்கவில்லை.

டிசம்பர் 12, திங்கள்
சீனி 9.1. நடை இல்லை. கால் தன்பாட்டுக்குக் கிடக்கிறது.

டிசம்பர் 14, புதன்
சீனி 8.8. நடை: முதல் வாங்குவரை.

பாதை ஓரத்தில் ஆட்கள் குந்துவதற்கு மர வாங்குகள் போட்டிருக்கிறார்கள். நான் பிடித்து நடக்கிற வோக்கரைத் தள்ளிக்கொண்டு போனேன். அதன் சில்லுகளில் பனி அடைந்து, இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை, என் கலியாண வாழ்க்கைபோல. வீட்டிலேயே விட்டுவிடச் சொன்னாள் ஆரபி. பரீட்சை முடிந்து வீட்டில் நிற்கிறாள், பதினெட்டு வயது. இரண்டு கைக்கும் இரண்டு தடி தந்தாள். சப்பாத்துக்கு அடியில் சங்கிலியில் கோத்த இரும்பு முள்ளு மாட்டிவிட்டாள். குனிந்து மாட்டும்போது பார்த்தேன், பிள்ளையின் உச்சியில் எண்ணெய் காணாமல் பொடுகு.

இன்று கண்ட அரியண்டங்கள். நாய்ப் பீயைச் சின்னச் சின்ன நீலப் பையில் கட்டி மரக்கொப்பில் தொங்க விட்டிருக்கிறார்கள். எடுப்பதற்கு மனம் இருந்தது, கொண்டுபோவதற்கு மனம் இல்லை. எங்கள் ஊரில் கொப்பில் தொட்டில் கட்டி நேர்த்தி வைப்பார்கள். இவர்கள் நாய்ப் பீக்கு நேர்த்தி வைக்கிறார்கள்.

பிறகு ஒரு கிழவன் இரண்டு பலகையைக் காலில் கட்டிக்கொண்டு வழுக்கி வந்தான். உடம்போடு ஒட்டிய கறுப்புக் காற்சட்டை, எல்லாம் தெரிகிறது. நான் அவனுடைய கோட்டில் நடக்கிறேன் என்று ஏசினான்.

“என்னவாம்?”

“பலகை போற தடத்திலை கால் வைச்சால் தடம் பழுதாப்போமாம், அம்மம்மா. ஓரத்தாலை நடக்கட்டாம்.”

“அவனைக் காற்சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லு.”

“போட்டிருக்கிறார், அம்மம்மா!”

ஆரபி சிரித்த சிரிப்பில் ஒரு மரத்துப் பனி கொட்டியது. என் கழுத்துக்குள்.

டிசம்பர் 17, சனி
சீனி 8.9. முதல் வாங்கு, அதற்கு மேலும் கொஞ்சம்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாதையில் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. ரயிலுக்கு மேடு ஏற வராது, அதனால் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி மட்டமாகப் போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்காகப் பட்ட பாடு என் முழங்காலுக்கு உதவுகிறது. வீட்டுப் படியில் ஏறும்போது கத்துகிற முழங்கால் இங்கே வாய் திறக்கவில்லை.

புதுப் பனியில் கால் வைத்தால் ஒரு சத்தம் வருகிறது. இடியப்பத்துக்கு அவித்த மாவை அரிக்குமுன் உள்ளங்கையால் அமத்தினால் ஒரு 'கறுக்' கேட்கும். அதே சத்தம். அதைக் கேட்கத்தான் கொஞ்சம் கூட நடந்தேன். ஆரபியிடம் சொல்லவில்லை.

மருமகன் பின்னேரம் கேட்டார்: “மாமி, நடை பிடிச்சிருக்கோ?”

“நித்திரையிலை கிடக்கிறதிலும் பாக்க நல்லது.”

அவர் எழும்பிப் போய்விட்டார். இருபத்தொரு வருடமாக நான் நித்திரை என்று சொன்னால் அவர் எழும்பிப் போய்விடுவார்.

டிசம்பர் 20, செவ்வாய்
சீனி 11.2. ஏன் கூடினது என்று தெரியவில்லை.

தேத்தண்ணியைச் சுடுபோத்தலில் கொண்டுபோய் வாங்கில் குந்திக் குடித்தோம். சுற்றவரப் பனி, கையில் இஞ்சி போட்ட தேத்தண்ணி, மூச்சு எது ஆவி எது என்று தெரியாது. பனங்கட்டி ஒரு சின்னத் துண்டு கோட்டுப் பையில் நேற்றுப்போல இன்றும் தற்செயலாகக் கிடந்தது.

டோரின் வந்து என் கையை விரித்து அதில் சூரியகாந்தி விதை போட்டாள். அசையாமல் பிடிக்கச் சொன்னாள். கறுப்புத் தொப்பி போட்ட ஒரு பொட்டுக் குருவி மரத்தால் இறங்கி என் பெருவிரலில் குந்தியது. பாரமே இல்லை. ஒரு விதையைத் தெரிந்து, அது சரியில்லை என்று எறிந்துவிட்டு, வேறொன்றை எடுத்துக்கொண்டு போனது. நல்ல குருவி. கண்டதையும் வாங்காது.

பிறகு அது கையில் இருந்துவிட்டுப்போனதைப் பார்த்தேன். வெள்ளையாய் ஒரு சொட்டு. அரியண்டம் பிடித்தது. பனியால் துடைத்தேன்.

டிசம்பர் 23, வெள்ளி
சீனி 8.7. பனிப்புயல். கதவைத் திறக்கவே ஏலாது. பவளராணி ரெலிபோனோடு மலசலகூடத்துக்குள் போய் அரை மணித்தியாலம் நின்றாள்.

டிசம்பர் 25, ஞாயிறு
சீனி 8.5. நடை இல்லை.

மகளும் மருமகனும் ஆரபியும் சிநேகிதர் வீட்டு நத்தார் விருந்துக்குப் போய் இருட்டின பிறகு வந்தார்கள். விருந்துக்குப் போய் வந்தவர்களில் ஆஸ்பத்திரிச் சுவரில் பூட்டியிருக்கும், கைக்குப் பூசுகிற கிருமி மருந்து மணந்தது. மூன்று பேரும் வந்த கையோடு பாணும் பருப்பும் சாப்பிட்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஆரபிக்குத் தலையில் எண்ணெய் வைக்கும்போது பொதுவாகக் கேட்டேன், இந்த நாட்டு ஆஸ்பத்திரிகள் பெரிசோ என்று.

“பெரிசுதான். ஏன் அம்மம்மா?”

“ஏனெண்டு என்ன ஏன்? ஒரு கதைக்குக் கேட்டன். கார் விடுற இடத்திலையிருந்து கட்டில் கிடக்கிற இடம் எவ்வளவு தூரம் வரும்?”

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நேரே இரு என்று குட்டினேன்.

“நடந்தால்… எங்கடை பாதையிலை ரெண்டாவது வாங்கு வரைக்கும் வரும். ஆனால் வாசல்லையே வீல் செயர் வைச்சிருக்கிறாங்கள். இருந்தால் தள்ளிக்கொண்டு போவாங்கள்.”

ஒருத்தரும் என்னைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையில்லை. கொட்டிலில் இருந்து நிமிர்ந்து நடந்து வெளியே போனவள் நான். அதை எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பார்த்தபடியே இருக்கட்டும்.

முற்றத்தை மிதியேன் என்றுதான் சொன்னேன். ஆஸ்பத்திரி ஒருத்தருடைய முற்றமும் இல்லை. இதைச் சும்மா எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 28, புதன்
சீனி 8.1. நடை: இரண்டாவது வாங்கு. போய்த் திரும்பினேன்.

இடையில் ஒரு முறைதான் நின்றேன், அதுவும் ஆரபிக்கு மூச்சு இளைத்ததால்.

இரண்டாவது வாங்குக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் பாதைக்குக் கீழே போகிறது. மேலே ஐஸ் மூடிவிட்டது. அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் வருகிறது, மூடிய அறைக்குள் இரண்டு பெட்டைகள் குசுகுசுப்பதுபோல. தடியை ஊன்றிக்கொண்டு கேட்டேன். ஆரபி மூன்று முறை கூப்பிட்டாளாம்.

“அம்மம்மா, நீங்கள் இப்ப ரெண்டாம் வாங்கு தொட்டிட்டியள்.”

“கண் தெரியுது எனக்கு.”

“அப்ப… எங்கையாவது போகோணும் எண்டால் போகலாம். நான் கார் ஓடுவன்.”

“போனால் காணுமோ? திரும்பி வரவும் வேணும். நிண்டு கதைக்கவும் வேணும். மூச்சு வாங்கி மூசி மூசிக் கதைக்கிறதோ?”

தூரத்தில் ஒரு இரும்புப் பாலம் தெரிந்தது, ஆற்றுக்கு மேலே. முந்தி ரயில் போன பாலம். அதுவரை நடந்து திரும்பிவிட்டால் பிறகு பார்க்கலாம்.

ஜனவரி 2, திங்கள்
சீனி 8.3. பாலத்துக்குப் பாதித் தூரம்.

கத்தரிப்பூ நிறச் சீலையை எடுத்து ஸ்திரிக்கை போட்டேன். சட்டை கைப்பக்கம் இறுக்கம். தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டேன். பவளராணி கதவில் நின்று பார்த்தாள்.

“எங்கையம்மா வெளிக்கிடுறியள்?”

“ஒரு இடமும் இல்லை. பூச்சி அரிச்சுதோ எண்டு பாத்தன்.”

“அம்மா… கேக்கிறன் எண்டு கோவிக்காதேங்கோ…”

“கோவிக்கிற மாதிரி எண்டால் கேளாதை.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். தகப்பனைப்போல. கேட்க வேண்டிய நேரம் வாயை மூடிக்கொள்கிற குடும்பம்.

ஜனவரி 5, வியாழன்
சீனி 7.9.

பாலத்துக்கு நாற்பது அடி இருக்கும்போது ஆற்றுக் காற்று முகத்தில் அறைந்தது. கண்ணில் தண்ணீர் வந்து இமை ஒட்டிக்கொண்டது. ஆரபி திரும்பச் சொன்னாள். நான் இன்னும் பத்து அடி போய்விட்டுத் திரும்பினேன், அவள் சொன்னதற்காகத் திரும்பியதாக இருக்கக் கூடாது.

ஞாயிறு தொடுவேன். அதற்கு அடுத்த ஞாயிறு பொங்கல். அதற்குள் ஒரு நாள் ஸ்காபரோவுக்குப் போகவேண்டும். இங்கே நல்ல முருங்கைக்காய் இல்லை.

ஜனவரி 6, வெள்ளி
சீனி 8.0.

விடியப்புறம் ரெலிபோன் அடித்தது. பிறகு பவளராணி சமையலறையில் கண் சிவந்து நின்றாள். வெங்காயம் என்றாள். அடுப்பில் இருந்தது ஓட்ஸ் கஞ்சி.

குளிர்பெட்டியில் இருந்த அறுக்குளா மீனைக் காணோம். டோரினுக்குக் கொடுத்துவிட்டாளாம். ஆரபி புது வருடத்துக்கு மச்ச மாமிசம் சாப்பிடுவதில்லை என்று சத்தியம் எடுத்தாளாம், அதனால் வீடு முழுக்க மரக்கறியாம். பதினெட்டு வயதுப் பெட்டை எடுத்த சத்தியத்துக்கு எழுபத்து நாலு வயதுக் கிழவி பூசணிக்காய் சாப்பிட வேண்டியிருக்கிறது. அறுக்குளா அந்தச் சப்பாத்து நாயின் வாய்க்குத்தான் போயிருக்கும்.

ஜனவரி 7, சனி
சீனி 8.2. பின்னேரம் மகளும் மருமகனும் பிறந்தநாள் வீட்டுக்கு என்று போனார்கள். பொட்டு இல்லாமல் பிறந்தநாளுக்குப் போகிறவளை இன்றுதான் பார்த்தேன்.

ஜனவரி 8, ஞாயிறு
சீனி 7.6. நடை: பாலம்.

தொட்டுவிட்டேன்.

மகளும் மருமகனும் விடிய எழும்பி எங்கேயோ போய்விட்டார்கள். நானும் ஆரபியும் ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டோம். டோரினும் வந்தாள், அதிசயமாக நாய் இல்லாமல்.

இப்படி ஒரு நாள் இந்த நாட்டில் நான் பார்த்ததில்லை. காற்று இல்லை. வானம் நீலச் சீலை விரித்ததுபோல ஒரு மடிப்பும் இல்லாமல் கிடந்தது. இரவு பெய்த பனியில் ஒருவரும் கால் வைத்திருக்கவில்லை, நாய்கூட. ஒரு முயல் மட்டும் குறுக்கே போயிருந்தது. முதல் அடி எல்லாம் என் அடி. திரும்பிப் பார்த்தேன், பாதை முழுக்க நான்தான் நடந்து வந்திருந்தேன், இரண்டு பக்கமும் தடிக் குத்து. கோணல் இல்லை. டொக்டர் பார்த்தாலும் சரி, வேறு யார் பார்த்தாலும் சரி, கிழவி நடந்த தடம் என்று சொல்ல மாட்டார்கள்.

முதல் வாங்கு. இரண்டாவது வாங்கு. குந்தவில்லை. ஒரு கட்டத்தில் முழங்கால், மூச்சு, சீனி எல்லாம் மறந்துபோய், 'கறுக் கறுக்' என்ற சத்தம் மட்டும் நடந்துகொண்டிருந்தது. பாலத்தின் மரப்பலகையில் கால் வைத்ததும் சத்தம் மாறியது. பாலத்தின் நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். ஆற்றின் நடுவில் மட்டும் உறையாமல் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. நான் சிரித்தேன் போலிருக்கிறது. சத்தமாகவும் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது.

“பாத்தியோடி? பாத்தியோ? ஆரின்ரையாவது தோளைப் பிடிச்சனானோ?”

“இல்லை அம்மம்மா.”

“வீல் செயராம்! வீல் செயர்!”

ஆரபி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினாள். இவ்வளவு சந்தோஷமோ இந்தப் பிள்ளைக்கு என்று நினைத்தேன். டோரினும் கட்டிப்பிடித்து இங்கிலீசில் ஏதோ சொன்னாள். என்னவென்று கேட்டேன். ஆரபி சொல்லவில்லை. அப்போது நேரம் சரியாகப் பதினொன்றேகால். பாலத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தேன், நேர்ஸுக்குச் சொல்ல.

பின்னேரம் மகளும் மருமகனும் வந்தார்கள். முன்வாசலால் வரவில்லை. கராஜால் வந்து, நேரே நிலவறைக்குப் போய், உடுப்பை எல்லாம் மெஷினில் போட்டுவிட்டு, இரண்டு பேரும் தலை முழுகிவிட்டு ஈரத்தலையோடு மேலே வந்தார்கள். வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது. விசர் பிடித்தவர்கள்.

நான் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். பவளராணி என் காலைப் பிடித்து முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிட்டாள், கேட்காமலே.

ஜனவரி 9, திங்கள்
சீனி 7.8. கால் வீக்கம். சுகமான வீக்கம்.

ஜனவரி 11, புதன்
சீனி 7.9.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன், சனிக்கிழமை ஸ்காபரோவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று. பொங்கலுக்குப் புதுப்பானையும் வேண்டும், முருங்கைக்காயும் வேண்டும்.

மூன்று பேரும் சோற்றுக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

“பாதை சரியில்லையாம், மாமி. சறுக்குமாம்,” என்றார் மருமகன்.

“வேறை இடம் ஒண்டுக்கும் போகோணும். காய் வாங்கிற வழியிலை. ஒரு பத்து நிமிசம்.”

அவ்வளவுதான் சொன்னேன். இருபத்தேழு வருடத்தில் நான் இவ்வளவு இறங்கியதில்லை. பவளராணி கோப்பையோடு எழும்பி, குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு நாளும் போ போ என்றவர்கள், வருகிறேன் என்றதும் முதுகைக் காட்டுகிறார்கள்.

ஜனவரி 15, ஞாயிறு
சீனி பார்க்கவில்லை.

பொங்கல். விடிய எழும்பிக் குளித்துவிட்டுக் கத்தரிப்பூச் சீலையைக் கட்டினேன். சமையலறையில் ஒரு ஆயத்தமும் இல்லை. கோலமாவு இல்லை, பானை இல்லை, அரிசி ஊறவில்லை. பவளராணி சொன்னாள், இந்த வருடம் பொங்கவில்லையாம், வெளியே குளிராம். போன வருடம் இதைவிடக் குளிர், கராஜுக்குள் வைத்துப் பொங்கினோம். நான் கீழ்த்தட்டில் இருந்த பழைய பானையை எடுத்தேன். அவள் பிடித்தாள். நான் இழுத்தேன். கிழவியிடம் பானையைப் பறிக்கிறவளைப் பெற்றேனே என்று கத்தினேன்.

அப்போது மருமகன் வாசலில் நின்று சொன்னார்: “மாமி, வேண்டாம். துடக்கு.”

சாவீட்டுத் துடக்கில் பொங்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். அது யாருடைய துடக்கு என்றும் தெரிந்தது. மருமகனுடைய பக்கத்தில் படுக்கையில் கிடந்தவள் ஒருத்திதான், அவருடைய சித்தப்பாவின் பெண்சாதி. மீன் நின்றது, பொட்டு நின்றது, தலை முழுகினது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. எனக்குத்தான் நினைவு பிழைக்காதே.

“எப்ப?”

“வெள்ளிக்கிழமை விடிய. ஆறாந்தேதி,” என்றாள் பவளராணி.

“எப்ப எடுத்தது?”

மருமகன் சொன்னார்: “எட்டாந்தேதி. ஞாயிறு. பதினொன்றேகாலுக்குத் தகனம்.”

பானையைக் கீழே வைத்தேன். உடையவில்லை. உடைந்திருந்தால் நல்லது.

“நான் சிரிச்சுக்கொண்டு நிண்டனான்,” என்றேன். “பாலத்திலை நிண்டு சிரிச்சனான். நீ பாத்துக்கொண்டு நிண்டனி.” இதை ஆரபியைப் பார்த்துச் சொன்னேன். “ஒரு பிடி வாய்க்கரிசி போட விட்டியளோ என்னை? கூடப் பிறந்தவளுக்கு?”

“நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள், செத்தாலும் வரமாட்டன் எண்டு!” பவளராணி கத்தினாள். என்னிடம் கத்தாதவள். “ஒருக்காலோ ரெண்டுதரமோ? நாள் முழுக்கச் சொன்னனீங்கள்! நாங்கள் சொல்லி, நீங்கள் வரமாட்டன் எண்டு சொல்லி, பிறகு அதையும் வைச்சுக்கொண்டு நீங்கள் சாகும் மட்டும் வேகிறதோ?”

“செத்தபிறகு மறைச்சதை விடு. சாகமுந்தி ஏன் சொல்லேல்லை? நாள் எண்ணிக்கொண்டு கிடக்கிறாள் எண்டு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

பிறகு ஆரபி சொன்னாள்.

“அவதான் சொல்லவேண்டாம் எண்டவ.”

“எவ?”

“சின்ன அம்மம்மா. நத்தாருக்குப் போனபோது நான் சொன்னனான், நீங்கள் பனிக்குள்ளை நடந்து பழகிறீங்கள் எண்டு. முதலாம் வாங்கு, தடி, இரும்பு முள்ளு எல்லாம் சொன்னனான். அவ சிரிச்சா. சிரிக்க ஏலாமல் சிரிச்சா.”

“என்னடி சொன்னவள்? அவள் சொன்னபடி சொல்லு. ஒரு சொல்லும் மாத்தாதை.”

ஆரபி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “‘அவ சீனிக்கு நடக்கேல்லைப் பிள்ளை. என்னட்டை வரத்தான் நடக்கிறா. எனக்குத் தெரியும். அவவை அவசரப்படுத்தாதேங்கோ. சாகப்போறன் எண்டு சொன்னால் நீங்கள் வீல் செயரிலை ஏத்திக்கொண்டு வந்திடுவியள். பிறகு அதுக்கும் என்னோடை கோவிப்பா. அக்கா தன்ரை காலிலை வரட்டும். அதுவரைக்கும் நான் நிப்பன்.’”

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சீலையைக் கழற்றவில்லை.

ஜனவரி 16, திங்கள்
சீனி 12.4.

தனியாகப் போனேன். ஒருவரும் தடுக்கவில்லை. டோரினின் நாய் வேலிவரை வந்து நின்றது, குரைக்கவில்லை.

பனி இளகி, பாதை அழுக்காகிக் கிடந்தது. நாய்ப் பீ எல்லாம் மேலே வந்துவிட்டது. எட்டாந்தேதி நான் நடந்த தடம் இல்லை, ஆயிரம் சப்பாத்து மிதித்துச் சேறாகிவிட்டது. இரண்டாவது வாங்கில் குந்தினேன். இருபத்தெட்டாம் தேதியே நான் இந்த வாங்கைத் தொட்டுவிட்டேன். கட்டில்வரை இவ்வளவுதான் தூரம் என்று பிள்ளை சொன்னது. கார் ஓடுவேன் என்றும் சொன்னது. அவள் அப்போது உயிரோடு இருந்தாள். இன்னும் ஒன்பது நாள் இருந்தாள். எனக்குப் பாலம் வேண்டியிருந்தது. மூசாமல் கதைக்க வேண்டியிருந்தது. இதை எழுதுகிறேன், ஏனென்றால் எழுதும்போது பொய் எழுத மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

என்ன கதைத்திருப்பேன்? நல்லதாக ஒன்றும் கதைத்திருக்க மாட்டேன். வாசலில் நின்று, பார், நடந்துதான் வந்தேன் என்றிருப்பேன். அறை நல்ல அறையாகத்தான் தந்திருக்கிறார்கள் உனக்கு என்றிருப்பேன். அவள் சிரித்திருப்பாள். கட்டில் ஓரத்தில் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டிருப்பாள். நான் குந்தியிருப்பேனோ என்று தெரியாது. குந்தியிருப்பேன்.

மருமகனோடு இனி நித்திரைக் கதை கதைக்க மாட்டேன். சொல்ல வேண்டிய சொல்லை இந்த வீட்டில் அவர் ஒருவர்தான் சொன்னார். பவளராணியோடு துடக்குக் கழியும்வரை பேச மாட்டேன், பிறகு பேசுவேன். ஆரபிக்குப் பதினெட்டு வயது. பெரியவர்கள் வாயில் பூட்டுப் போட்டால் பிள்ளை என்ன செய்யும்? பாலத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதது, அது போதும். சம்பந்தம் இல்லாத டோரின்கூட வந்து நின்றாள், நாயை வீட்டில் விட்டுவிட்டு. அன்று அவள் இங்கிலீசில் சொன்னது அனுதாபம் என்று இப்போது விளங்குகிறது.

நேர்ஸ் கேட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுப்பேன்.

எல்லாரையும் ஒருமாதிரி விட்டுவிடலாம். ஒருத்தியை விட ஏலாது. என் உள்ளே இருந்ததைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லாமல், இந்தக் கொப்பிக்கும் சொல்லாமல் நடந்தேன். அதைப் படுக்கையில் கிடந்துகொண்டே அறிந்தவள். அறிந்தும் ஒரு ஆளைவிட்டு 'அக்கா, கெதியா வா' என்று கூப்பிடாதவள். தன் ஆள்தானே, பொறுக்கலாம் என்று திரும்பவும் என்னையே பொறுக்க வைத்தவள். நான் வரும்வரை நிற்பேன் என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனவள். அவளை மன்னிக்க மாட்டேன், நான் போய் அவளை நேரில் கேட்கும்வரைக்கும்.

என் தங்கச்சி, புனிதம்.